செவலையின் உறுமல்

நாயை முதலில் பழக்கியவன் யார் என்று கேட்டால் வேட்டைக்காரனைச் சொல்வார்கள், ஆட்டுக்காரனைச் சொல்வார்கள். நாய்க்கு அன்றாடம் கஞ்சி ஊற்றியவளைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. அவள் பெயர் பூலாயி. ஆட்டுக்கிடையின் தலைவரான கீதாரி சேவுகனின் தங்கை.

அந்தக் காலத்தில் விலங்குகள் எல்லாம் பேசின. கிடையின் காவல் நாயான செவலை சற்று அதிகமாகவே பேசியது. "சட்டியில கை வைக்காத." "தூங்குறப்ப மிதிக்காத." "தள்ளிப் போ." அது சொல்லும், மனிதர்கள் விலகுவார்கள். யாருக்கும் காயமில்லை.

ஒருநாள் அது போட்ட அதட்டலில் சினையாடுகள் மிரண்டு சிதறின. இரண்டு ஆடுகள் குட்டியை இழந்தன. கீதாரி நாயை அழைத்து, இனி ஒரு சொல்லும் பேசுவதில்லை என்று சத்தியம் வாங்கினார். அந்தக் காலத்துச் சத்தியம் நாக்கையே கட்டிவிடும். பிறகு அதன் தொண்டையில் சிறு உறுமல் எழுந்தபோதெல்லாம் மண்டையில் ஒரு தட்டு வைத்தார். சில நாட்களில் உறுமலும் நின்றது. "பாத்தியா, எம்புட்டுச் சாதுவாயிட்டான்" என்று பெருமைப்பட்டார். வாயை அடைப்பதைத் திருத்தம் என்று நினைக்கும் ஆண்கள் அன்றும் இருந்தார்கள்.

ஒரு மாதம் கழிந்தது. செவலை காலை நொண்டியது. கீதாரிக்கு அதன்மேல் உயிர். பதறிப்போய் அந்தக் காலைப் பிடித்துத் தூக்கினார். செவலை சத்தமே இல்லாமல் அவர் கையைக் கடித்துவிட்டது.

கடித்த நாயைக் கிடையில் வைப்பதில்லை. பொழுது சாய்வதற்குள் சிறுத்தை திரியும் காட்டில் கட்டிவிட்டு வந்துவிடுவார்கள். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கீதாரி கயிற்றைத் தேடினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"கயித்த நான் தாரேன், அண்ணே. அதுக்கு மின்னாடி கொஞ்சம் அங்கனயே உக்காரு" என்றாள் பூலாயி.

"கடிச்ச வாய் திரும்பவும் கடிக்கும், தங்கச்சி. பக்கத்துல போகாத."

"உன்ன மாதிரிப் போனாக் கடிக்கும்."

அவள் செவலைக்கு நேரே நிற்கவில்லை, கண்ணைப் பார்க்கவில்லை. நான்கடி தள்ளி, பக்கவாட்டில் உட்கார்ந்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நொண்டும் காலை நோக்கிக் கையை மெல்ல நகர்த்தினாள். செவலையின் உடம்பு விறைத்தது, முகம் திரும்பியது.

"சரிப்பா, எடுத்துட்டேன்." கையை இழுத்துக்கொண்டாள்.

மீண்டும் நகர்த்தினாள், மீண்டும் விறைத்தது, மீண்டும் எடுத்துக்கொண்டாள். ஐந்தாம் முறை அதன் தொண்டைக்குள் ஓர் உறுமல் எழுந்தது. எழுந்ததும் அடி விழும் என்று அதுவே தலையைத் தாழ்த்திக்கொண்டது. அடி விழவில்லை.

"கேட்டுருச்சு, சாமி. எடுத்துட்டேன்."

அந்தச் சிறு உறுமலுக்கு ஆடுகள் தலைதூக்கக்கூட இல்லை, அசை போட்டுக்கொண்டிருந்தன.

கீதாரி தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "எங்கிட்ட மட்டும் ஏன் இதச் சொல்லல?"

"சொல்லுச்சு. நீதான மண்டையில போட்ட? வாயையும் கட்டி, தொண்டையையும் கட்டிட்டா, மிச்சம் பல்லுதான இருக்கு?"

நெடுநேரம் சென்றது. செவலை தானாகவே ஓரடி நகர்ந்து வந்து, நொண்டும் காலை அவள் மடியில் வைத்தது. பாதத்தில் அரை விரல் நீளக் கருவேல முள். அவள் அதைப் பிடுங்கியபோது நாய் உறுமியது, ஆனால் கடிக்கவில்லை. கீதாரி கயிற்றைத் தேடுவதை விட்டுவிட்டு, தங்கை உட்கார்ந்ததைப் போலவே பக்கவாட்டில் வந்து உட்கார்ந்தார். செவலை அவருடைய கட்டுப்போட்ட கையை முகர்ந்து பார்த்து, நக்கியது.

பேச்சு திரும்பவில்லை, சத்தியம் சத்தியம்தான். ஆனால் அன்று பூலாயியோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படிதான் நாய் கடிப்பதற்கு முன் உறுமுகிறது. உறுமினால் நாம் கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த உடன்பாட்டின் மறுபாதி. நாய்கள் தம் பாதியை இன்றும் காப்பாற்றி வருகின்றன.

பூலாயியிடம் அதற்குப் பிறகும் யாரும் யோசனை கேட்கவில்லை. நாயின் மனம் அறிந்தவர் என்ற பெயர் கீதாரிக்குப் போனது. அவள் அதே கிடையில் முப்பது ஆண்டுகள் உழைத்து, ஒரு மழைக்காலக் காய்ச்சலில் இறந்துபோனாள். அதுவரை எந்த நாயும் அவளைக் கடித்ததில்லை.