மாசிலாமணியின் பயம்

மாசிலாமணி கல்யாண மண்டபத்தில் மேலாளராக இருந்தவர். பாயசம் பத்தவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் பாய்ந்தாலும், கரண்ட் போனதற்குப் பெண் வீட்டார் ஏசினாலும், "பார்த்துக்கறேன் சார்" என்று சிரிப்பார். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

ஒரு முகூர்த்தத்தன்று வாசலில் நிற்கும்போதே நெஞ்சு இறுக்கியது. தாலி கட்டுகிற நேரம். அபசகுனமாகிவிடக் கூடாதே என்று தூணைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டே நின்றார். கடைசிப் பந்தி முடிந்த பிறகுதான் விழுந்தார்.

பிழைத்ததே பெரிய விஷயம்.

"உங்களை மாதிரி எல்லாத்தையும் உள்ளேயே போட்டுப் பூட்டிக்கிறவங்க இந்த வார்டுல நிறையப் பேர்," என்றார் டாக்டர். மாசிலாமணி அதற்கும் சிரித்தார்.

அதன்பின் பயம் பிடித்துக்கொண்டது. விரல் எந்நேரமும் மணிக்கட்டில் நாடியைத் தேடியது. ஒரு துடிப்பு தப்பினாற்போலத் தோன்றினால் உள்ளங்கை வேர்த்துவிடும். மனைவி கேட்டால், "ஒண்ணுமில்லை."

கடைசியில், மலையடிவாரத்தில் ஆசிரமம் நடத்திவந்த மங்கையர்க்கரசி அம்மையிடம் சீடராகப் போய்ச் சேர்ந்தார். அம்மை அவரைவிட இருபது வயது இளையவர். அதிகம் பேசாதவர். வந்த காரணத்தை அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

ஒரு காலையில் அம்மை மலைமேல் இருந்த சுனைக்குப் புறப்பட்டார். மாசிலாமணியும் கூடக் கிளம்பினார்.

"ஏத்தமா இருக்கும். முடியுமா ஐயா?"

"முடியும்மா."

பாதி வழியில் அதே இறுக்கம் வந்தது.

அம்மை முன்னால் போய்க்கொண்டிருந்தார். கூப்பிடலாம் என்று மாசிலாமணி வாயெடுத்தார். அவங்க வேலையைக் கெடுப்பானேன், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று வாயை மூடிக்கொண்டார். இடது தோள் கல்லாய்க் கனத்தது. முதுகில் வேர்வை குளிர்ந்து இறங்கியது. தாடை வலித்தது. அம்மை பாறைத் திருப்பத்தை நெருங்கிவிட்டார். அவர் மறைந்துவிட்டால் இங்கே ஆளில்லை. இந்த முள்ளுப் புதரோரம், ஒருத்தருக்கும் தெரியாமல்...

"அம்மா... முடியலை."

அடிவயிற்றிலிருந்து வந்த அலறல் அது. தன் குரல்தானா என்று அவருக்கே தெரியவில்லை.

அம்மை ஓடிவந்தார். அவரைப் பாறையில் சாய்த்து உட்காரவைத்தார். அவர் கைகாட்ட, சட்டைப்பையில் இருந்த நெஞ்சுவலி மாத்திரையை எடுத்து அவர் நாக்குக்கு அடியில் வைத்தார். ஆசிரமத்துக்குப் போன் செய்து, ஜீப்போடு ஆட்களையும் வரச் சொன்னார். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே அமர்ந்தார்.

இறுக்கம் மெல்லத் தளர்ந்தது.

"தொந்தரவு குடுத்துட்டேன். மன்னிச்சுக்கங்கம்மா."

அம்மை முந்தானையால் அவர் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா திரும்பி வருவேனோ என்னவோ. ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். இந்தப் பயத்தை விரட்ட ஒரு வழி சொல்லுங்க. இதுக்காகத்தான் உங்ககிட்ட வந்தேன்."

"இப்ப என்னைக் கூப்பிட்டது யாரு?"

"நான்தான்."

"நீங்க கூப்பிட்டிருக்க மாட்டீங்க."

மாசிலாமணி அவர் முகத்தைப் பார்த்தார்.

"கூப்பிட்டது உங்க பயம், ஐயா. அதை விரட்டிட்டா அடுத்த தடவை யார் கூப்பிடுவாங்க?"