நாலாவது கேள்வி

"அறுபத்தோரு தடவை ஸ்கேன் பண்ணியிருக்காங்க மேடம். ஒருத்தர்கூட ஃபோன் பண்ணலை."

சகாயராஜ் இப்படித்தான் ஆரம்பித்தார். திண்டுக்கல்லில் வீடு விற்றுக்கொடுக்கும் தொழிலுக்கு அவர் வந்து மூன்று மாதம் ஆகிறது. சீடனுக்கு வயது ஐம்பத்தொன்று, தொழில் சொல்லித்தரும் குரு மெஹருன்னிசாவுக்கு முப்பத்தாறு. எல்லாம் தலையெழுத்து என்று முதலில் நினைத்தார். இப்போது அப்படி நினைப்பதில்லை.

"எந்த வீடு அண்ணே?"

"மில் பஸ் நிக்கிற இடத்துல, பச்சை கேட் போட்ட வீடு. கேட்லயே கியூஆர் கோடு ஒட்டியிருக்கேன்."

"ஸ்கேன் பண்ணினா என்ன வரும்?"

"ஒரு ஃபாரம். ஒன்பது கேள்வி. எல்லாத்துக்கும் பதில் போட்டாத்தான் வீட்டு போட்டோவும் விலையும் தெரியும்."

"எதுக்கு ஒன்பது?"

"வெட்டியா வேடிக்கை பாக்கறவங்களை வடிகட்டத்தான்."

சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்க," என்றாள் மெஹருன்னிசா. "ஒரு வழி சொல்றேன்."

மறுநாள் போனார். ஆபீஸ் கிரில் கதவு பூட்டியிருந்தது. உள்ளே ஃபேன் ஓடியது. மேஜைமேல் டீயில் ஆவி பறந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

"மேடம், நான்தான்."

"பேரு?"

"என்ன மேடம், விளையாடறீங்களா?"

"பேரு?"

"சகாயராஜ்."

"ஃபோன் நம்பர்?"

சொன்னார்.

"எந்த ஏரியா?"

சிரித்துக்கொண்டே அதையும் சொன்னார்.

"மாச வருமானம்?"

சிரிப்பு நின்றது. அவருடைய ஃபாரத்தின் நாலாவது கேள்வி அது.

மூன்று மாதத்தில் ஒரு வீடுகூட அவர் விற்கவில்லை. "இந்த வாரம் ஒண்ணு முடிஞ்சிடும்" என்று ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சில் பூசை முடிந்து திரும்பும்போது மனைவி ஸ்டெல்லாவிடம் சொல்லிவருகிறார். ஒரே ஒரு தடவை அந்தப் பொய் நிஜமாகிவிடாதா என்று ஏங்கிக் கிடக்கிறவர். கிரில் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

படியிறங்கி நடந்தார். மெஹருன்னிசா கூப்பிடவில்லை.

கோபத்தில் எங்கெங்கோ சுற்றினார். சாயங்காலம் பச்சை கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

ஆறு மணிக்கு மில் பஸ் நின்றது. கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண் இறங்கி நேராகப் பச்சை கேட்டுக்கு வந்தாள். ஃபோனை நீட்டி ஸ்கேன் செய்தாள். மூன்று தடவை அவள் விரல் ஓடி ஓடி ஓய்ந்தது. நாலாவது கேள்வியில் நின்றுவிட்டது.

ஃபோனைப் பைக்குள் போட்டாள். ஆனால் போகவில்லை. குதிகாலைத் தூக்கி, கேட்டுக்கு மேலாக எட்டி, மூடியிருந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தம்மா தினமும் வரும்," என்றார் டீக்கடைக்காரர். "இதே நேரந்தான்."

சகாயராஜின் கோபம் போன இடம் தெரியவில்லை. காலையில் தன்னைப் படியிறக்கியது எந்தக் கேள்வியென்று அவருக்குத் தெரியும். அந்தப் பெண்ணை அது தினமும் கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது.

மறுநாள் மத்தியானம் ஒன்பது கேள்விகளையும் அழித்தார். போட்டோவையும் விலையையும் போட்டு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி எழுதினார். கேட்டின் பூட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டு ஜன்னல்களைத் திறந்து வைத்தார்.

ஆறு மணிக்கு அவள் வந்தாள். ஃபோனை நீட்டினாள். படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"கேட் பூட்டலை. உள்ள வந்து பாருங்க."

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு கேட்டை மெதுவாகத் தள்ளினாள்.

வீட்டு வாசலில் காத்திருந்த சகாயராஜ் ஒதுங்கி வழிவிட்டார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். சமையலறையில்தான் ரொம்ப நேரம் நின்றாள். குழாயைத் திறந்து மூடினாள். மேடையைக் கையால் தடவினாள். எத்தனை வருஷத்து ஆசையோ, கண் கலங்கியிருந்தது.

வாங்குவீங்களா, லோன் கிடைக்குமா என்று ஒன்பது கேள்வியும் சகாயராஜின் நாக்கு நுனிவரை வந்தன. அவற்றை விழுங்கிவிட்டு, எதிர்க்கடையில் வாங்கி வந்திருந்த டீயை மேடைமேல் வைத்தார்.

அவள் குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். வாசல்வரை வந்து திரும்பினாள்.

"நாளைக்கு எங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாரேன் சார். எம் பேரு தெய்வானை. நம்பர் எழுதிக்கிறீங்களா? நீங்க ஒண்ணுமே கேக்கலையே."