மிக்ஸிக்கு ஒரு பைப்

"பைப்புக்குள்ள வயர் போக மாட்டேங்குது மேடம்" என்றார் சீடர்.

குரு ஜெபராணிக்கு வயது முப்பத்து நான்கு. கோவில்பட்டியில் எலக்ட்ரீஷியன்.

சீடர் அருணகிரிக்கு அறுபத்தொன்று. தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் வைக்காமல் தன் வீட்டு வயரிங்கைத் தானே செய்து காட்டுகிறேன் என்று கிளம்பி, சந்தேகம் கேட்டுக் கேட்டே அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் வந்தபோது, வழுக்கிப் போக வயரில் பவுடர் தடவச் சொன்னாள். அடுத்த நாள் பைப்பின் வளைவுகளைப் பார்க்கச் சொன்னாள். மூன்றாம் நாளும் அவர் வந்து நின்றதும், அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று ஸ்கூட்டியை எடுத்தாள்.

ஹாலில் இருந்து சமையலறைக்கு ஒரே பைப். சுவரை வெட்டிப் பதித்து, மேலே சிமெண்டும் பூசியாகிவிட்டது. குறை சொல்ல முடியாத வேலை. அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"அந்தப் பக்கம் யாரு சார் இழுக்கா?"

"நான்தான்."

"இந்தப் பக்கம் யாரு உள்ள விடுதா?"

"அதுவும் நான்தான். அங்க இழுப்பேன், இங்க சிக்கிக்கும். ஓடி வந்து எடுத்து விடுவேன். மறுபடி அங்க ஓடுவேன்."

ஜெபராணி கண்ணை மூடித் திறந்தாள். வீட்டில் வேறு யாருமே இல்லையா என்று கேட்டாள்.

மனைவி இருக்கிறாள் என்று அருணகிரி குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஆனால் பதினெட்டு நாளாகப் பேச்சில்லை. மிக்ஸிக்குப் பிளக் எங்கே வைப்பது என்று அவள் ஏதோ சொல்ல வந்தாள். உனக்கென்ன தெரியும் என்று இவர் வாயை அடைத்துவிட்டார். அன்றிலிருந்து சாப்பாடு வருகிறது, ஒரு வார்த்தை வருவதில்லை. டிவி சத்தத்தை வைத்துக்கொண்டு மனுஷன் எத்தனை நாள் ஓட்டுவது? வேலை முடிந்து மிக்ஸி ஓடிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஒரு கை கொடுத்தா முடிஞ்சிரும் மேடம்."

ஜெபராணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "அவங்களைக் கூப்பிடுங்க."

அருணகிரி சமையலறைக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"கேட்டுட்டேன். அசையவே இல்ல."

"என்ன கேட்டீங்க?"

"வந்து வயரைப் பிடின்னேன்."

ஜெபராணி தலையில் அடித்துக்கொண்டாள். பையைத் துழாவி சுத்தியலையும் உளியையும் எடுத்தாள். அவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் இரண்டையும் கையில் திணித்தாள்.

அவர் மனைவி சௌந்திரவல்லி அடுப்புப் பக்கம் நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அருணகிரி பதித்த பிளக் பெட்டி, பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாய்க்கு நேர் மேலே, தண்ணீர் தெறிக்கும் இடத்தில் இருந்தது.

"உடைங்க சார்."

அருணகிரி சுவரைப் பார்த்தார். ஒரு வார உழைப்பு. பூச்சு இன்னும் முழுசாகக் காயக்கூட இல்லை.

"வேற எங்க மேடம் வைக்கிறது?"

"அதை என்கிட்டயா கேக்கீங்க?"

அருணகிரி சுத்தியலை இறக்கினார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"எங்க வைக்கட்டும்?"

சௌந்திரவல்லி முந்தானையில் கையைத் துடைத்தாள். மேடையின் மறுகோடிக்கு நடந்து போய்ச் சுவரில் விரலை வைத்தாள்.

"இங்க."