சேத்துக்கு அடியில கால் ஊனின பாலம்

கடலோரமா ஒரு ஊர்ல, ஆவுடைன்னு ஒரு மருத்துவச்சி இருந்தாளாம். ம் கொட்டு.

"ம்."

ஊருக்கு நடுவுல ஒரு ஓடை. தண்ணி கொஞ்சம், சேறு நெறைய. அக்கரையில யாருக்காவது பிரசவ வலி எடுத்தா, ஆவுடை அந்தச் சேத்துல எறங்கித்தான் போவணும். சளக் புளக், சளக் புளக். ஒரு தடவ அவ போய்ச் சேர்றதுக்குள்ள பிள்ளை போயிடுச்சு. அந்தத் தாய் அழுத அழுகையக் கேட்டுட்டு வந்தவ, "இங்க பாலம் கட்டியே ஆவணும்"னு ஊரைக் கூட்டிட்டா.

அப்புறம் கல்லைக் கொண்டாந்து குவிச்சாங்க. புளுக்! சேறு முழுங்கிடுச்சு. அப்போ பெரிய பாறைய உருட்டி விட்டாங்க. அது மெள்ள மெள்ளச் சாஞ்சு, குபுக்! அதுவும் போச்சு. "இந்தச் சேத்துக்கு வயிறே நெறையாது"ன்னு எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க.

அப்புறம் ஒரு நாள், அக்கரைக்குப் போற வழியில ஆவுடையே இடுப்பு வரைக்கும் சேத்துல புதைஞ்சிட்டா.

"ம்?"

பயப்படாத. பனையேறி மாசானம் பாத்துட்டான். சேத்து மேல ஓலையப் பரப்பி, தவழ்ந்து வந்து, நீளமான மூங்கில அவ பக்கத்துல குத்தினான். சர்ர்ர்ருனு எறங்கி, டொக்னு நின்னுச்சு. அதைப் பிடிச்சு மேல வந்துட்டா.

"பாறையே நிக்கலையே மாசானம், இது எப்படி நிக்குது?"

"அடியில கெட்டி மண்ணு இருக்குக்கா. முனை அதுல போய் உக்காந்திடுச்சு."

ஆவுடை சேத்தோட சிரிச்சா. அன்னிக்கு அக்கரைப் பிள்ளையும் நல்லபடியாப் பொறந்துச்சு.

அப்புறம் அந்த மூங்கில் மாதிரியே, பனைமரத்தை முனை கூராச் செதுக்கி, சேத்துல நட்டுக்குத்தா நிறுத்தினாங்க. மேல கயித்துல குண்டுக்கல்லு. ஊரே கூடி அதை இழுத்துத் தூக்கி, மரத்தோட தலையில விட்டுது. ஏலேலோ... தொம்! ஏலேலோ... தொம்! மொத மரம் முழுசா உள்ள போயிடுச்சு, கெட்டி மண்ணு தட்டல. எல்லார் மூஞ்சியும் சுருங்கிடுச்சு.

"அது தலையிலயே இன்னொரு மரத்தை வச்சு அடிங்க"ன்னா ஆவுடை.

தொம்... தொம்... ணங்! அதுக்கப்புறம் அசையல. சுத்தியிருந்த சேறும் இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு. அப்படியே வரிசையா அடிச்சு, மேல பலகை போட்டாங்க.

"மரம் மக்கிடாதா?"

காத்து படாத ஈரச் சேத்துக்குள்ள சீக்கிரம் மக்காதுடா கண்ணு.

அப்புறம் ஐப்பசி மழை. ஓடை ஹோன்னு வந்துச்சு. "பாலம் போயிடும்"னு ரெண்டு கரையிலயும் சனம் நின்னு பாக்குது. அப்போ அக்கரையிலேர்ந்து பாலத்து மேல யாரோ நடந்து வராங்க. மாசானம் பொண்டாட்டி செம்பகம். ஒரு கை வயித்துல, ஒரு கை புருசன் தோள்ல.

"வலி வந்திடுச்சுக்கா. நானே வந்துட்டேன்."

பாலம் கிறீச்னுகூட சொல்லல. பொழுது சாயறதுக்குள்ள ஆவுடை வீட்டுல, ங்ஙா... ங்ஙா...

ம் சொல்லலையே? சரி. கதை கரையேறிடுச்சு, நீ நல்லா தூங்கு.