சிவப்பே விழாத பேருந்து

மதுரைக்கும் நெல்லைக்கும் பேருந்து விடும் நிறுவனம் ஒன்றில் கோவில்பிச்சை என்று ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். முழங்கால் ஒத்துழைக்காமல் போனதால் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தவர்.

அந்தத் திரையில் நாற்கரச் சாலை முழுவதும் தெரியும். இருப்பிடம் காட்டும் கருவி பொருத்திய எல்லாருடைய காரும் லாரியும் பேருந்தும் பச்சைப் புள்ளிகளாக ஊரும். யாராவது பிரேக்கை ஓங்கி மிதித்தால் அந்தப் புள்ளி ஒரு கணம் சிவக்கும். எண்பது கிலோமீட்டருக்கு அப்பால் முகம் தெரியாத ஒருவனின் கால் பதறுவது இங்கே தெரிகிறதே என்று அவருக்கு மெய்சிலிர்க்கும்.

ஆபத்தாக ஓட்டுகிறவரை மாதக் கடைசியில் வண்டியிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. அந்த மாதம் ஓட்டுநர் மாசானமுத்துவின் பேருந்து ஒன்பது முறை சிவந்திருந்தது. அருளானந்தத்தின் பேருந்து ஒருமுறைகூடச் சிவக்கவில்லை. வேகத்தில் இருவருமே எல்லை மீறியதில்லை.

இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார். அருளானந்தம் சிரித்தார்.

"எனக்கு பிரேக்குன்னு ஒண்ணு இருக்கதே மறந்துபோச்சு அண்ணாச்சி. ஏ முத்து, நீ என்ன தையல் மெஷினா மிதிக்கே?"

மாசானமுத்து தலையை நிமிர்த்தவில்லை. "என்னை இறக்குனா இறக்குங்க அண்ணாச்சி. குறுக்க வந்தவன் வீடு போய்ச் சேந்துட்டாம்லா."

கோவில்பிச்சை பழைய பதிவுகளை ஓடவிட்டார். மாசானமுத்து சிவந்த ஒன்பது முறையும் பக்கத்துத் தடத்திலிருந்து ஏதோ ஒரு புள்ளி அவருக்கு முன்னால் நுழைந்திருந்தது. அருளானந்தத்தின் புள்ளியோ தடம் மாறி மாறி, பச்சை குலையாமல் வழுக்கிக்கொண்டு போனது. அதன் பின்னால் ஒரு கார் சிவந்தது, ஒரு லாரி சிவந்தது. மறுநாள் பதிவில் வேறு கார்கள் சிவந்தன.

"ரோட்டுல ஒருத்தனுக்கும் ஓட்டத் தெரியல" என்று முணுமுணுத்தவர், அதே பதிவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். இந்த இருவரில் ஆபத்தாக ஓட்டியவர் யார்? கோவில்பிச்சை யாரை இறக்க வேண்டும்?

விடை: அருளானந்தத்தை. மாசானமுத்து பிறர் தவறுக்குத் தான் பிரேக் மிதித்தார். அருளானந்தத்தின் தவறுக்குப் பிறர் மிதித்தார்கள். அவருடைய சிவப்பெல்லாம் அடுத்தவர் வண்டிகளில் விழுந்திருந்தது. கோவில்பிச்சை அப்படியே எழுதிக் கொடுத்தார். ஆனாலும் எழுந்து போக மனம் வரவில்லை. இருபத்தாறு வருடம் ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டியவன் என்று சொல்லிக்கொண்டவர் அவரும்தான். தன் பின்னால் எத்தனை பேர் மிதித்தார்களோ, அதை இனி எந்தத் திரையும் அவருக்குக் காட்டப்போவதில்லை.