மூன்று பூவுமா?

அந்தக் காலத்தில், விலங்கும் பறவையும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, கவிதை என்று ஒன்று கிடையாது. பசித்தால் பசி என்பார்கள், செத்தால் செத்தது என்பார்கள். "இந்தக் கவிதையை நேராகச் சொல்லித் தொலைத்தால் என்ன?" என்று வகுப்பில் அலுத்துக்கொள்கிறீர்களே, எல்லாவற்றையும் நேராகவே சொன்ன காலம் அது. அது என்ன லட்சணத்தில் இருந்தது என்று கேளுங்கள்.

காட்டில் சேதி சொல்கிற வேலை கரிச்சான் குருவிக்கு. உச்சிக் கிளையில் உட்கார்ந்திருக்கும், எல்லாம் கண்ணில் படும். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது, எதையும் விட்டுச் சொல்லவும் தெரியாது. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு கோடையில், வற்றிய குளத்துச் சேற்றில் மாட்டிக்கொண்டு ஒரு மான்குட்டி இறந்துபோனது. கரிச்சான் நேரே அதன் தாயிடம் பறந்தது. தாய்மான் மேய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் குட்டியின் தகப்பனான கலைமானும் நின்றது.

"அக்கா, உன் குட்டி செத்துப்போச்சு. குளத்துச் சேத்துல கழுத்து வரைக்கும் மாட்டிக்கிச்சு. கடைசி வரைக்கும் உன்னையேதான் கூப்பிட்டுச்சாம், தவளைங்க சொல்லுது."

ஒரு சொல் பொய்யில்லை. தாய்மான் வாயிலிருந்த புல்லை விழுங்கக்கூட இல்லை, நின்ற இடத்திலேயே மடிந்து விழுந்தது. கலைமான் அதை முகத்தால் முட்டி முட்டி எழுப்பிப் பார்த்தது. அது எழுந்திருக்கவில்லை.

"நடந்ததைத்தானே சொன்னேன், அண்ணே" என்றது கரிச்சான். கலைமான் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்றிலிருந்து இரண்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

மழைக்காலம் வந்தது. கரிச்சான் ஒரு வேங்கை மரத்தில் கூடு கட்டி மூன்று குஞ்சு பொரித்திருந்தது. ஒரு நாள் அது இரை தேடப் போன நேரத்தில் பெருங்காற்று அடித்தது. கூடு கிளையோடு கீழே வந்தது. அடியில் ஒதுங்கியிருந்த கலைமான் எல்லாவற்றையும் பார்த்தது. பார்த்துவிட்டு, கரிச்சான் திரும்பி வரும் வழியில் போய் நின்றுகொண்டது.

பழி தீர்க்க இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? சொல்ல வேண்டியதெல்லாம் அதன் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் வாயைத் திறந்ததும், புல்லோடு விழுந்து கிடந்த தன் துணையின் முகம்தான் கண்முன் வந்தது.

"தங்கச்சி, கொஞ்சம் என் முதுகுல உட்காரு."

கரிச்சான் வெட்டுக்கிளியைக் காலில் இடுக்கியபடி உட்கார்ந்தது. "சீக்கிரம் சொல்லு அண்ணே, பிள்ளைங்களுக்குப் பசிக்கும்."

"ஆத்தோரத்துல ஒரு இலுப்பை மரம். அதுல ஒரு கிளை. இந்த வருசம்தான் முதல் முதலாப் பூ விட்டுச்சு. இன்னிக்கு அடிச்ச காத்துல..." கலைமான் அதோடு நிறுத்திக்கொண்டது.

"இலுப்பை மரத்துக் கதை எனக்கு எதுக்கு?" என்று சிரித்த கரிச்சான், கலைமானின் கண்ணைப் பார்த்தது. காலில் இருந்த வெட்டுக்கிளி நழுவி விழுந்தது. கரிச்சான் கேட்டது.

"மூணு பூவுமா?"

கலைமான் தலையைத் தாழ்த்தியது.

"மேல சொல்லாதே அண்ணே. மீதியை நானே சொல்லிக்கிறேன்."

சொல்லிக்கொண்டது. மூச்சு முட்டிய இடத்தில் நிறுத்தியது, மூச்சு வந்ததும் மறுபடி தொடங்கியது. அழுதது, ஆனால் சாகவில்லை. நடுவில் ஒரு முறை, "அன்னிக்கு அக்காகிட்ட நானும் ஏதாவது ஒரு மரத்தைப் பத்திச் சொல்லியிருக்கலாம்" என்றது. கலைமானுக்கும் அழுகை வந்தது. ஆனாலும் முதுகை அசைக்காமல் நின்றது.

மேய்கிற விலங்கின் முதுகில் கரிச்சான் வந்து உட்காருவதை இன்றும் பார்க்கலாம். ஆகவே, கவிதையில் ஒரு கிளை முறிந்தால், அது என்ன மரம் என்று ஆராய்வதற்கு முன்னால், யார் வீட்டுக் குஞ்சு என்று கேளுங்கள். அன்று முதல்தான் கவிதை ஒன்றைச் சொல்ல இன்னொன்றைச் சொல்கிறது, வரிக்கு வரி மூச்சு விட நிற்கிறது, கேட்பவர் மீதியைத் தாங்குகிற அளவுக்குத் தானே சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறது.