ஆள்காட்டியின் கண்ணோரச் சிவப்பு

அந்தக் காலத்தில், உலகத்தின் ஈரம் இன்னும் முழுதாகக் காயாதிருந்தபோது, ஆண்டவர் ஆறு நாள் வேலை செய்துவிட்டு ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். அந்த நாட்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்று என்னிடம் கேட்காதீர்கள். அளந்து சொல்ல அப்போது ஆள் இல்லை. ஒரு பறவை முட்டையிட்டு அடைகாக்கும் அளவுக்கு நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பறவை ஏரிக்கரையில் இருந்தாள். எல்லா உயிர்களும் பேசிய காலம் என்பதால் அவளை 'அது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று நாம் ஆள்காட்டி என்கிறோமே, அவள்தான். அன்றைக்கு அவளுக்கு அந்தப் பெயர் கிடையாது. காட்டிக்கொடுக்க வேண்டிய ஆளே முந்தின நாள்தான் படைக்கப்பட்டு, மரத்தடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கு நீண்ட மஞ்சள் கால்கள், கறுத்த தலை, வெள்ளை வயிறு. முகத்தில் சிவப்பு என்று ஒரு பொட்டுக்கூட இல்லை.

கூடெல்லாம் கட்டாமல் கூழாங்கற்களுக்கு நடுவே நான்கு முட்டை இட்டிருந்தாள். வெயில் ஏற ஏறக் கல் சுட்டது. வயிற்றை வைத்துப் பார்த்தாள், முட்டையும் சுட்டது. எழுந்து நாலு எட்டு ஓடினாள், திரும்பி வந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். காலையில் தண்ணீர் குடித்துவிட்டு நனைந்த வயிற்றோடு வந்து உட்கார்ந்தபோது மட்டும் முட்டைகள் கொஞ்சம் குளிர்ந்தன. அதன் பிறகு மறுபடி சூடுதான். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஏன்டி இப்படி ஓடிக்கிட்டே இருக்கே? இன்னைக்கு ஓய்வு நாள் தெரியும்ல?" என்றாள் கரைச் சேற்றில் படுத்திருந்த ஆமை.

"முட்டை சுடுதுக்கா. உள்ள இருக்குறதுக்கு என்ன ஆகுமோன்னு பயமா இருக்கு. தண்ணிக்குப் போய்ட்டு வரவா?"

"போகாதே! ஆண்டவர் எல்லாத்தையும் செஞ்சு முடிச்சிட்டாரு. முடிச்ச வேலையில நீ என்ன கை வைக்கிறது? நான் முட்டை போட்டேன், மண்ணைத் தள்ளி மூடினேன், வந்து படுத்துட்டேன். இனிமே திரும்பிப் பார்த்தா அவரை நம்பலைன்னு அர்த்தம்."

பாறைமேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஓணான் தலையை ஆட்டிச் சிரித்தான். "அங்க ஆண்டவரும் இல்ல, ஒருத்தரும் இல்ல. சூடுதான் எல்லாத்தையும் செய்யுது. எங்க வீட்டுக்காரியும்தான் குழி தோண்டி முட்டை போட்டா. திரும்பியா பார்த்தா? நீ பேசாம படு தாயி."

"வாயை மூடுடா! அவர் இல்லாம சூடு எங்கிருந்துடா வந்துச்சு?" என்று ஆமை சீறினாள்.

"சூடு இருக்கும்போது அவர் எதுக்கு?" என்றான் ஓணான்.

இருவரும் கத்திக்கொண்டே இருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. ஆனால் அவளைச் சும்மா படுக்கச் சொல்வதில் மட்டும் இருவருக்கும் ஒரே பேச்சு. எனக்கு அந்த இரண்டு பேர்மேலும் இன்றுவரை கோபம்தான்.

அவள் யோசித்தாள். ஆமை சொல்வது சரியென்றால் உள்ளே குஞ்சு முழுதாக முடிந்திருக்கும், வேகுமுன் வெளியே எடுத்துவிடலாம். ஓணான் சொல்வது சரியென்றால் உள்ளே சூட்டைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது. எதுவானாலும் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும்.

அலகால் ஒரு முட்டையைக் கொத்தினாள். ஓட்டில் சின்ன ஓட்டை விழுந்தது. கண்ணை அதில் ஒட்டவைத்து உள்ளே பார்த்தாள்.

குஞ்சு முடிந்திருக்கவில்லை. பெரிய கறுப்புக் கண் ஒன்று இருந்தது, இமை இன்னும் வரவில்லை. இறக்கை வர வேண்டிய இடத்தில் ஒரு மொட்டு. நூல் நூலாகக் கிளை பிரிந்து ஓடிய சிவப்பு நரம்புகளுக்கு நடுவே ஒரு புள்ளி துடித்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் துடிப்பு மெதுவாகி, மெதுவாகி, நின்றது. பதறித் தலையை இழுத்தாள். ஒரு சொட்டு ரத்தம் அவள் கண்ணோரத்தில் ஒட்டிக்கொண்டது.

அவள் போட்ட கூச்சலில் ஏரி அதிர்ந்தது. ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். ஓணான் பாறைக்குப் பின்னால் போய்விட்டான். உச்சி வெயிலில் ஆண்டவர் நடந்து வந்தார்.

"நீங்க முடிச்சிட்டீங்கன்னு சொன்னாங்களே!" என்று அவரிடமும் கத்தினாள். "முடிஞ்சிருந்தா குஞ்சு முழுசா இருக்கணும்ல? பாதியிலதானே இருந்துச்சு! உள்ள வேலை நடந்துக்கிட்டு இருந்துச்சு. நான்தான் நிறுத்திட்டேன்."

அவர் கூழாங்கற்களில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். "என்ன பார்த்தே, சொல்லு."

அழுதுகொண்டே சொன்னாள். கண், மொட்டு, நரம்பு, புள்ளி, எதையும் விடவில்லை.

"சரியாத்தான் பார்த்திருக்கே."

"அது சூடு செஞ்ச வேலையா, நீங்க செஞ்ச வேலையா?"

"சூடும்தான், நானும்தான். எங்களுக்குள்ள சண்டையே இல்லையேம்மா."

"அப்ப ஓய்வுன்னது?"

"புதுசா எதையும் தொடங்கலை, அவ்வளவுதான். தொடங்கினதை அப்படியே விட்டுட்டுப் போயிட முடியுமா?"

"அப்ப இதைத் திரும்ப எழுப்புங்க ஆண்டவரே."

அவர் உடைந்த முட்டையை இரண்டு கையாலும் எடுத்து மேல்துண்டின் முனையில் முடிந்துகொண்டார். அவர் கண்ணும் நிறைந்திருந்தது. "பார்க்கணும்னு நினைச்சது தப்பில்லம்மா. இது என்கிட்டயே இருக்கட்டும்."

அவளுக்கு அது போதவில்லை. கற்களில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். ஆண்டவர் மற்ற முட்டைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ இங்க அழுதுக்கிட்டு இருக்கே. அங்க மூணும் வேகுது."

"நீங்க பார்த்துக்க மாட்டீங்களா?"

"பார்த்துக்கத்தானே உன்னைச் செஞ்சேன்! ஓடு!"

"நான் என்ன செய்யணும்?"

"அதைக் காலையிலேயே நீ பார்த்துட்டியேம்மா."

நனைந்த வயிறு அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. ஓடினாள். ஏரியில் இறங்கி வயிற்று இறகெல்லாம் சொட்டச் சொட்ட நனைத்துக்கொண்டு ஓடி வந்து மூன்று முட்டைகளின் மேலும் படுத்தாள். இறகு காய்ந்ததும் மறுபடி ஓடினாள். ஆமை கண்ணை மூடிக்கொண்டாள். ஓணான் தலையை ஆட்டினான். அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று குஞ்சுகளும் பொரிந்தன.

மரத்தடியில் தூங்கிய மனிதன் ஒருவழியாக எழுந்து, கீழே பாராமல் கரைக்கு நடந்து வந்தான். அவன் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிப் பறந்து கத்தினாள்: "பார்த்து நட! காலடியில இன்னும் வேலை நடக்குது!"

அன்று பிடித்த ஓட்டமும் அன்று எடுத்த கத்தலும்தான் இன்றுவரை ஆள்காட்டியை விடவில்லை. கோடையில் வயிற்றை நனைக்க ஒரு நாளைக்கு எத்தனை முறை அவள் தண்ணீரில் இறங்கினாலும், கண்ணோரத்துச் சிவப்பை மட்டும் கழுவுவதே இல்லை.